உங்களுக்குத் தெரியுமா? ஒரே ஸ்கேன், பல விலை

● அமெரிக்காவில் ஒவ்வொரு ஸ்கேனுக்கும் ஐந்து இலக்க எண் ஒன்று உண்டு. சி.பி.டி. எண் என்பார்கள். கான்ட்ராஸ்ட் ஊசி போடாத மூளை எம்.ஆர்.ஐ. என்றால் 70551. ஊசிக்கு முன்னும் பின்னும் எடுத்தால் 70553. ஊசியில்லாத கீழ்முதுகு எம்.ஆர்.ஐ.க்கு 72148, முழங்கால் மூட்டுக்கு 73721. "முதுகு ஸ்கேனுக்கு எவ்வளவு ஆகும்?" என்று பொத்தாம்பொதுவாகப் போனில் கேட்டால் யாரும் பிடிகொடுத்துப் பேச மாட்டார்கள். எண்ணைச் சொன்னால் தொகை வரும். டாக்டர் ஸ்கேனுக்கு எழுதித் தரும்போதே எண்ணையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கீழே சொல்லப்போகும் பலவற்றுக்கும் அதுதான் திறவுகோல்.

● அதே ஊர், அதே எண், அதே வகை மெஷின். ஆனால் ஆஸ்பத்திரிக்குள் எடுத்தால் ஒரு விலை, வெளியே தனியாக நடக்கும் இமேஜிங் சென்டரில் எடுத்தால் வேறு விலை. பல ஊர்களில் இரண்டாவது, முதலாவதில் பாதிகூட இராது. ஆஸ்பத்திரி பில்லில் 'ஃபெசிலிட்டி ஃபீ' என்று ஒன்று ஏறுவது இதற்கு ஒரு முக்கியக் காரணம். கடைத்தெருவில் தனிக் கட்டடமாக இருக்கிறதே என்று நம்பிவிடவும் கூடாது. அது ஆஸ்பத்திரிக்குச் சொந்தமானதாக இருந்து, ஆஸ்பத்திரிக் கணக்கிலேயே பில் வரக்கூடும். "ஆஸ்பத்திரிக் கணக்கில் பில் போடுவீர்களா, தனி சென்டராகப் போடுவீர்களா?" என்று நேரடியாகக் கேளுங்கள். இந்த ஒரு கேள்வியால் மிச்சமாகும் பணம் சில சமயம் ஆயிரம் டாலரைத் தாண்டும்.

● ஒரு ஸ்கேனுக்கு இரண்டு பில் வரலாம். ஒன்று படம் எடுத்த இடத்திலிருந்து, மற்றது படத்தைப் பார்த்து ரிப்போர்ட் எழுதிய ரேடியாலஜிஸ்ட்டிடமிருந்து. விலை விசாரிக்கும்போது, ரிப்போர்ட் கட்டணமும் சேர்ந்ததா என்று கேட்டுவிடுங்கள்.

● 2021 ஜனவரி 1 முதல் அமெரிக்க ஆஸ்பத்திரிகள் தங்கள் விலைகளை இணையத்தில் வெளியிட வேண்டும் என்பது சட்டம். நோயாளி முன்கூட்டியே திட்டமிட்டுச் செய்துகொள்ளக்கூடிய 300 சேவைகளின் விலை, எளிதில் படிக்கும்படி இருக்க வேண்டும். ரொக்கமாகக் கட்டுவோருக்கான விலையும் அதில் அடக்கம்.

● இன்சூரன்ஸ் இருந்தும் ரொக்க விலை மலிவாக இருப்பதுண்டு. வருடத்துக்கான டிடக்டிபிள், அதாவது முதலில் நாமே கையிலிருந்து கட்டித் தீர்க்க வேண்டிய தொகை, இன்னும் பாக்கியிருந்தால் ஸ்கேன் செலவு பெரும்பாலும் நம் தலையில்தான். அப்போது இன்சூரன்ஸ் கம்பெனி பேசிவைத்த விலையையும் ரொக்க விலையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்று கவனம்: ரொக்கமாகக் கட்டியது பொதுவாக டிடக்டிபிளில் கழியாது. வருடக் கடைசியில் டிடக்டிபிள் தீர்ந்திருக்கிறது, டாக்டர் எப்படியும் எடுக்கத்தான் வேண்டும் என்கிறார் என்றால் டிசம்பரிலேயே எடுத்துவிடுங்கள். பெரும்பாலான திட்டங்களில் ஜனவரி 1 அன்று கணக்கு மறுபடி பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கும்.

● முதுகுவலி வந்ததும் எம்.ஆர்.ஐ. கேட்பவர்கள் நிறைய. சாதாரணக் கீழ்முதுகு வலிக்கு முதல் ஆறு வாரங்களில் ஸ்கேன் தேவையில்லை என்பது அமெரிக்கக் குடும்ப மருத்துவர்கள் சங்கத்தின் வழிகாட்டுதல். காலில் பலம் குறைவது, சிறுநீர் கழிப்பதில் சிக்கல், காய்ச்சல், முன்பு புற்றுநோய் வந்தது போன்றவை இருந்தால் கதை வேறு. அப்போது தாமதிக்கவே கூடாது.

● சென்னையிலோ மதுரையிலோ எடுத்த பழைய ஸ்கேனை வீட்டில் விட்டுவிட்டு வராதீர்கள். ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது, படங்கள் அடங்கிய குறுந்தகடு வேண்டும். டைகாம் என்ற பொது வடிவத்தில் பதிவாகியிருந்தால் எந்த நாட்டு ரேடியாலஜிஸ்ட்டும் திறந்து பார்க்கலாம். பழைய படத்தோடு ஒப்பிட முடிந்தால், இன்னொரு ஸ்கேன் தேவைப்படாமலே போகலாம். அமெரிக்காவில் எடுத்ததை ஊரில் இருக்கும் டாக்டருக்கு அனுப்பிக் கருத்துக் கேட்கவும் இதே வழிதான். அமெரிக்காவில் தன் படங்களின் நகலைக் கேட்டுப் பெறுவது நோயாளியின் சட்ட உரிமை.

● ஜப்பானில் கடைகடையாக விலை விசாரிக்க வேண்டியதில்லை. காப்பீட்டுச் சிகிச்சைக்கு நாடு முழுவதும் ஒரே கட்டணப் பட்டியல். 1.5 டெஸ்லா காந்தசக்தி கொண்ட எம்.ஆர்.ஐ. எடுத்து, ரிப்போர்ட் தந்து, டிஜிட்டலாகப் பதிவுசெய்யச் சுமார் 19,000 யென். மூன்று மாதத்துக்கு மேல் தங்கும் வெளிநாட்டவரும் பொதுக் காப்பீட்டில் சேர்ந்தாக வேண்டும் என்பதால், பெரும்பாலோர் கட்டுவது அதில் 30 சதவீதம், அதாவது 5,700 யென். டாக்டரைப் பார்க்கும் கட்டணம் தனி. அறிமுகக் கடிதம் இல்லாமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு நேராகப் போனால் கூடுதலாக 7,000 யென்னோ அதற்கு மேலோ கேட்பார்கள். அதனால் முதலில் தெருமுனை கிளினிக்குக்குப் போங்கள்.

● சிங்கப்பூரில் ஒர்க் பெர்மிட்டில் வேலைபார்க்கும் தம்பிகளுக்கு: உங்கள் மருத்துவச் செலவுக்குப் பொறுப்பு முதலாளி. 2023 ஜூலை முதல் ஆஸ்பத்திரியில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கும் ஒருநாள் அறுவை சிகிச்சைக்கும் வருடத்துக்குக் குறைந்தது 60,000 சிங்கப்பூர் டாலர் காப்பீட்டை அவர் எடுத்திருக்க வேண்டும். ஸ்கேனுக்கு எழுதித் தந்தால் சம்பளத்திலிருந்து கட்டிவிடாமல், முதலில் சீட்டைக் கம்பெனியில் காட்டுங்கள்.

● பேரக்குழந்தையைப் பார்க்க அமெரிக்கா வரும் அப்பா அம்மாவுக்கு எடுக்கும் பயணக் காப்பீடு, ஏற்கெனவே இருக்கும் நோய்களை வழக்கமாக ஒதுக்கிவிடும். அவற்றுக்காக ஸ்கேன் தேவைப்பட்டால் கையிலிருந்துதான் கட்ட வேண்டும். இப்படிக் காப்பீடில்லாமல் கட்டுவோருக்கு முன்கூட்டியே எழுத்தில் மதிப்பீடு தர வேண்டும் என்கிறது 2022இல் நடைமுறைக்கு வந்த சட்டம். கேட்டால் மூன்று வேலைநாளில் தந்தாக வேண்டும். இறுதி பில் அதைவிட 400 டாலரோ அதற்கு மேலோ கூடினால், பில் தேதியிலிருந்து 120 நாளுக்குள் முறையிடலாம். ரேடியாலஜிஸ்ட்டின் கட்டணம் அந்த மதிப்பீட்டில் இல்லாமல் போகலாம், அதைத் தனியாகக் கேளுங்கள்.

● ஆனால் அப்பாவுக்கு நெஞ்சுவலி, அம்மாவுக்கு ஒரு பக்கம் கை கால் இழுக்கிறது என்றால் விலை விசாரித்துக்கொண்டு நிற்காதீர்கள். உடனே 911. 1986இல் வந்த சட்டப்படி, பணம் கட்ட முடியுமா என்று பார்க்காமல் அவசரப் பிரிவு அவரைப் பரிசோதித்து நிலைப்படுத்த வேண்டும். பில் பிறகு வரும், பெரிதாகவே வரும். வரிவிலக்குப் பெற்ற, லாப நோக்கமில்லாத ஆஸ்பத்திரி என்றால் நிதியுதவித் திட்டம் வைத்திருப்பது கட்டாயம். முதல் பில் வந்ததிலிருந்து 240 நாள் வரை விண்ணப்பிக்கலாம். யாருக்கு எவ்வளவு என்பது ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி மாறும். பில்லைப் பார்த்த பதற்றத்தில் முழுத்தொகையையும் கிரெடிட் கார்டில் போட்டுவிட வேண்டாம், அது வட்டி ஏறும் கார்டு கடனாகிவிடும். முதலில் விண்ணப்பப் படிவத்தைக் கேட்டு வாங்குங்கள். தமிழில் பேச மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் அதையும் கேளுங்கள். போன் வழியாக ஏற்பாடு செய்து தருவார்கள், அதற்குக் கட்டணம் இல்லை.