கர்ப்பமின்றிக் கர்ப்பிணி உடை

பிரான்ஸ் தேசத்து மன்னர் பதினான்காம் லூயியின் பிரியநாயகியாக விளங்கி அவருக்கு ஏழு மக்களைப் பெற்றெடுத்த மோந்தெஸ்பான் சீமாட்டி, தாம் கருவுற்றிருப்பதை அரண்மனையார் அறியாவண்ணம் மறைக்கும் பொருட்டு, இடுப்பில் இறுக்கமேதுமின்றித் தோளிலிருந்து தொளதொளவென்று தொங்கும் ஓர் அங்கியைக் கண்டுபிடித்தார் என்று, மன்னரின் தம்பி மனைவியான ஜெர்மானிய இளவரசி எலிசபெத் ஷார்லட் எழுதி வைத்திருக்கிறார். ஆனால் சீமாட்டி அந்த அங்கியில் தோன்றியதுமே, 'விசேஷந்தான்' என்று சபை முழுவதும் பேச்சு எழுந்துவிடுமாம். மறைக்க வந்த வஸ்திரமே தண்டோரா போட்டுவிட்டது.

அதன்பின் நடந்ததுதான் விந்தை. 1703-இல் பாரிஸ் நகரில் அரங்கேறிய ஒரு நாடகத்தில், பிரசவித்து எழுந்த பெண்ணாக நடித்தவள் இவ்வகை அங்கியோடு மேடையில் தோன்ற, அந்நாடகத்தின் பெயரே உடைக்கும் வழங்கலாயிற்று. 1720-களிலோ, கருவுற்றவர், கருவுறாதவர் என்ற பேதமின்றிப் பிரபு குலத்து ஸ்திரீகள் அதை விரும்பி அணிந்தார்கள். வெளியே இத்தனை தாராளம் இருந்தும், உள்ளே திமிங்கில எலும்பு வைத்துத் தைத்த கச்சை இறுக்கிக் கட்டும் வழக்கத்தை மட்டும் அவர்கள் விட்டார்களில்லை!

1793-இல் லண்டன் நாகரிக மாதர் இன்னும் ஒருபடி மேலே போய், ஆடைக்குள் வயிற்றின்மீது திண்டு கட்டிக்கொண்டு உலவினார்கள். கேலிச்சித்திரக்காரர்கள் அவர்களைப் பரிகசித்தது நியாயமே. இல்லாத பாரத்தை வலியச் சுமப்பதற்கு நான் பரிந்து பேச மாட்டேன்.

சௌகரியத்தை நாடுவது வேறு விஷயம். லித்துவேனியாவிலிருந்து நியூயார்க்கில் குடியேறி, கைக்குழந்தையோடு விதவையாகித் தையலால் ஜீவித்த லீனா பிரையன்ட் என்ற மாது, சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில், கர்ப்பிணி ஒருத்தியின் வேண்டுகோளுக்கிணங்கி, மேற்சட்டையையும் கொசுவம் வைத்த பாவாடையையும் நெகிழ்ந்து கொடுக்கும் எலாஸ்டிக் பட்டையால் இணைத்து ஓர் உடை தைத்தார். அதை விளம்பரம் செய்யப் பத்திரிகைகள் கூசின. 1911-இல் 'நியூயார்க் ஹெரால்ட்' துணிந்து வெளியிட்டதும், கடையிலிருந்த சரக்கு மறுநாளே தீர்ந்துபோயிற்று. ஆயினும் அக்கடையைப் பெரிய வியாபார ஸ்தாபனமாக உயர்த்தியவர்கள் கர்ப்பிணிகள் அல்லர். சாதாரணக் கடைகளில் தம் அளவுக்கு உடை கிடைக்காமல் தவித்த பருத்த சரீரமுடைய பெண்களே. வாடிக்கைக்காரிகள் சுமார் 4,500 பேரின் அளவுகளைச் சேகரித்து அவர்களுக்கென்று தைத்த உடைகள், 1920-களில் கர்ப்பிணி உடைகளின் விற்பனையையே மிஞ்சிவிட்டன.

உடம்புக்கு இடங்கொடுத்துத் தைத்த துணி எந்த உடம்புக்கும் இதமாகவே இருக்கும். குழந்தை பிறந்தபின் கருப்பை பழைய அளவுக்குச் சுருங்க ஆறு வாரங்கள் ஆகின்றன; அதுவரை பழைய உடைக்குள் புகுந்தாக வேண்டுமென்று பிடிவாதம் செய்வதில் பொருளில்லை. வயிற்றில் ரணசிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும், உண்டபின் வயிறு உப்பும் உபாதை உள்ளவர்களுக்கும் இடுப்பை அழுத்தாத உடை பெரிய ஆறுதல். ஆகவே, இப்படியொரு ஆடையில் ஒரு பெண்ணைக் காண நேர்ந்தால், "எத்தனை மாதம்?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.