நாட்பட்ட இடுப்புவலி: உணர்வுச் சோதனையும் உணர்வுச் சொற்களும்

மூன்று திங்களுக்கு மேல் நீடிக்கும் இடுப்புவலியை நாட்பட்ட வலி என்பர் மருத்துவர். அது எழும் வகை மூன்று என்பது இன்றைய கருத்து. தசை, மூட்டு, வட்டு ஆகியவற்றின் சிதைவை நலமான நரம்பு உள்ளவாறு அறிவிப்பதால் எழுவது ஒன்று. அறிவிக்கும் நரம்பே பழுதுறுவதால் எழுவது மற்றொன்று. நரம்பு வேர் நசுங்கிக் காலில் இறங்கும் வலி இதற்கு எடுத்துக்காட்டு. திசுவிலும் நரம்பிலும் போதிய சிதைவு காணப்படாத நிலையிலும் தண்டுவடமும் மூளையும் வலிக்குறிப்புகளைப் பெருக்கிக் காட்டுவது மூன்றாவது. இம்மூன்றாம் வகையைப் பன்னாட்டு வலி ஆய்வுக் கழகம் தனிக் கலைச்சொல்லாக ஏற்றது 2017இல்தான். ஒரே நோயாளியிடம் இவை கலந்து நிற்றலும் உண்டு.

இவ்வகைப்பாடு வெறும் பெயரீடு அன்று. மருந்து இதனைப் பொறுத்தே தேரப்படுகிறது. நரம்புவலிக்குப் பரவலாக வழங்கப்படும் பிரீகாபலின் மருந்து, காலில் இறங்கும் நரம்புவலியில் போலி மருந்தைவிட மேம்பட்ட பயன் தரவில்லை என்றும், தலைசுற்றல் போன்ற தீங்குகளை மிகுவித்தது என்றும் ஆஸ்திரேலிய ஆய்வொன்று 2017இல் காட்டியது. நரம்பு உண்மையிலேயே நசுங்கிய இடத்தில் இந்நிலை என்றால், சொல்லைப் பிறழ உணர்ந்து நரம்புவலி எனக் கொண்டுவிட்ட இடத்தில் நோயாளி பெறுவது தலைசுற்றல் மட்டுமே.

வகையைத் துணிய உதவுவது உணர்வுச் சோதனை. ஜெர்மானிய நரம்புவலி ஆய்வுக் குழுவினர் 2006இல் வெளியிட்ட முறையில் 13 அளவீடுகள் உள்ளன. 32 பாகை வெப்பமுள்ள சிறு தகட்டைத் தோல்மேல் வைத்துக் குளிர்வித்தும் சூடேற்றியும் பார்ப்பர், நுண்ணிழையால் தொடுவர், கூர்முனையால் குத்துவர், இசைக்கவையின் அதிர்வு எதுவரை உணரப்படுகிறது என்று நோக்குவர், அழுத்தம் எந்த அளவில் வலியாகிறது என்று காண்பர். உணர்வு குறைந்திருப்பின் நரம்பிழை பழுதுற்றது எனவும், மெல்லிய தொடுகையும் வலியாயின் உணர்வு மிகைப்பட்டது எனவும் கொள்வர். இடுப்பில் வலி உடையவர் கட்டைவிரல் நகத்தில் ஏற்படும் சிறு அழுத்தத்தையும் தாங்கமாட்டாராயின், மேற்சொன்ன பெருக்கம் நிகழ்கிறது என ஐயுறுவர்.

இங்கு மொழியியலார் கருதத்தக்கது ஒன்றுண்டு. கருவி அளப்பது தூண்டலை மட்டுமே. வெதுவெதுப்பு எக்கணத்தில் சூடாயிற்று, சூடு எக்கணத்தில் வலியாயிற்று என்பதை நோயாளியே அறிவிக்க வேண்டும். அதனாலேயே சோதனையாளர் படிக்க வேண்டிய வாசகங்களும் அம்முறையில் வரையறுக்கப்பட்டுள்ளன.

வினாப்பட்டியல்கள் முழுமையும் சொல்லையே சார்ந்தவை. மெல்சாக், டார்கர்சன் இருவரும் 1971இல் 102 ஆங்கில வலிச்சொற்களைத் தொகுத்து வகைப்படுத்தினர். அதன் வழியே 1975இல் மெக்கில் வினாப்பட்டியல் உருவாயிற்று. இடுப்புவலிக்கென ஜெர்மனியில் உருவாகி 2006இல் வெளிவந்த பெயின்டிடெக்ட் பட்டியல் எரிச்சல், ஊறல், மரத்துப்போதல், மின்தாக்கு போன்ற தெறிப்பு முதலிய ஏழு உணர்வுகளின் கடுமையை வினவுகிறது. மொத்தம் 38 மதிப்பெண்ணில் 19 அல்லது அதற்கு மேற்பட்டால் பெரும்பாலும் நரம்புவலி. 12க்கு உட்பட்டால் பெரும்பாலும் அன்று. ஏறத்தாழ 8,000 இடுப்புவலி நோயாளிகளை இதனால் ஆராய்ந்து, 37 விழுக்காட்டினர்க்கு நரம்புவலியே மேலோங்கியது என்றனர்.

தமிழில் வலியைக் கூறும் இயல்பான வடிவம் பெயரன்று, வினை. ‘எனக்குக் கால் எரிகிறது’ என்பதில் உறுப்பே எழுவாய். உணர்பவர் நான்காம் வேற்றுமையில் ஒதுங்கி நிற்பார். எரி, காந்து, உளை என்பன செயப்படுபொருள் குன்றியவை. குத்து, குடை, வெட்டு என்பன குன்றாதவை. ஆயினும் ‘இடுப்பில் குத்துகிறது’ என்னும்போது குத்துபவரும் இல்லை, குத்தப்படுபொருளும் இல்லை. ‘குத்தல்’, ‘எரிச்சல்’ எனப் பெயராக்கிப் பட்டியலிடுகையில் இவ்வேறுபாடு மறைந்துவிடுகிறது.

இதனினும் வளமுடையவை ஒலிக்குறிப்புச் சொற்கள். ‘சுருக்’ என ஒற்றையாய் வருவது ஒருகணத் தாக்கு. ‘சுருக்சுருக்’ என அடுக்கினால் இடைவிட்டு மீள்வது. ‘விண்விண்’ பெரும்பாலும் இரட்டித்து வரும். அது நாடியோடு ஒத்த தெறிப்பு. ‘திகுதிகு’ இடையறா எரிவு. வலி தொடர்ந்ததா, விட்டுவிட்டு வருவதா, இடைக்காலத்தில் ஓய்கிறதா என்பதை உணர்த்தப் பெயின்டிடெக்ட் நான்கு படங்களைக் காட்டுகிறது; தமிழில் இரட்டிப்பே அவ்வேலையின் பெரும்பகுதியைச் செய்துவிடும். நொடிக்கு 5 முதல் 30 மீட்டர் விரையும் நரம்பிழைகள் முதலில் கூரிய வலியையும், 2 மீட்டருக்கும் குறைவாகச் செல்லும் இழைகள் பின்னர் எரியும் வலியையும் கொணர்கின்றன. ‘சுரீரென்று பிடித்துத் திகுதிகுவென்று எரிகிறது’ என்பவர் அவ்விரண்டையும் வரிசை பிறழாமல் கூறுகிறார். சொல்லைக் கொண்டே நரம்பிழையைக் கண்டுவிடலாம் என்பது மிகை. ஆனால் மருத்துவர் குறித்துவைக்கத்தக்க செய்தி அதில் இருக்கிறது.

திருவனந்தபுரத்தில் இச்சிக்கல் மேலும் ஒரு மடிப்புக் கொள்கிறது. சாலைக் கடைத்தெருவை ஒட்டிய ஆரியசாலைப் பகுதியில் தமிழ் பேசும் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்கின்றன. சரக்கு ஏற்றலும் இறக்கலும் அங்கே அன்றாடத் தொழில். சுமை தூக்குவோர்க்கென 1978இல் கேரளம் தனிச் சட்டமே இயற்றியது. முதுகு நோகும் தமிழர் மருத்துவரிடம் பேசுவது பெரும்பாலும் மலையாளத்தில், அல்லது இரண்டும் கலந்து. ஒலியொத்த சொற்களே அங்கு இடறுகின்றன. தமிழர்க்கு ‘வலி’ நோவு. மலையாளத்தில் அது இழுத்தல். ‘கால் வலிக்கிறது’ என்பது தசை இழுப்பதாகக் கேட்கப்படலாம். மலையாளத்தில் உடல்நோவுக்குரிய இயல்பான சொல் ‘வேதனை’. இடுப்புவலி அங்கு ‘நடுவேதனை’. தமிழிலோ வேதனை பெரிதும் உள்ளத்துயரைச் சுட்டும். ‘வேதனை உண்டா?’ என்று மருத்துவர் வினவ, ‘வேதனை ஒன்றுமில்லை, வலிதான்’ என்று விடை வருமாயின் இருவரும் வெவ்வேறு பொருளைப் பேசுகின்றனர்.

நரம்பின் நிலையை அறிதற்கு இன்றியமையாத இடத்திலேயே இடர் மிகுதி. ஊறல் உணர்வு மிகை. மரத்தல் உணர்வுக் குறை. பெயின்டிடெக்ட் இவற்றை வெவ்வேறு வினாக்களாக வைத்துள்ளது. தமிழில் ‘மரமரப்பு’, ‘மதமதப்பு’ இரண்டுக்கும் வழங்கும். மலையாளத்துத் ‘தரிப்பு’ம் இவ்விரண்டிலும் படரும்; தமிழில் தரித்தல் அணிதலும் தங்குதலுமே. ஆகவே சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதைவிட நிகழ்ச்சியை வினவுதல் தகும். ‘எறும்பு ஊர்வது போல் இருக்கிறதா?’ என்பது ஒரு வினா. ‘செருப்பு நழுவியதும் தெரியவில்லையா?’ என்பது வேறொரு வினா. இருக்கையில் அமரும்போது தொடைகளின் உட்பக்கமும் ஆசனவாயைச் சுற்றிய இடமும் உணர்விழந்து, சிறுநீர் கழிப்பதும் தடைப்பட்டால், முதுகெலும்பின் அடியிலுள்ள நரம்புக்கற்றை நசுங்கியிருக்கலாம். அன்றே மருத்துவமனை சேர வேண்டிய நிலை அது. அவ்விடத்து நேர்ந்ததை நோயாளி ‘ஒரு மாதிரி மரமரப்பு’ என்று மட்டுமே கூறக்கூடும்.