உங்களுக்குத் தெரியுமா? ராக்கெட்டைக் கவிழ்த்த பத்து கனெக்டர்கள்

2010 டிசம்பர் 25 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய ஜிஎஸ்எல்வி-எஃப்06 ராக்கெட்டை வீழ்த்தியது எரிபொருளோ இன்ஜினோ அல்ல, பத்து கனெக்டர்கள்! 292-ஆவது வினாடியில் கழல வேண்டியவை, 48-ஆவது வினாடிக்குள்ளேயே பிடுங்கிக்கொண்டன. அதனால், அவற்றின் வழியே செல்ல வேண்டிய, உச்சியிலிருந்த கணினியின் கட்டளை அடியிலிருந்த நான்கு பூஸ்டர்களுக்கும் எட்டவில்லை. ராக்கெட் கட்டுப்பாடு இழந்து உடைந்தது. இதைக் கண்டறிந்த குழுவின் தலைவர் ஜி. மாதவன் நாயர்.

இன்னும் இறுக்கிப் பூட்டியிருக்கலாமே என்று தோன்றும். பூட்டினால் அடுக்குகள் பிரியும் நேரத்தில் கழலாது, அதுவும் ஆபத்துதான். பழியை முழுக்கக் கனெக்டர் மேல் போடுவதும் நியாயமில்லை; அதைத் தாங்கும் இடம் அசைந்தால் எந்த கனெக்டரும் நிற்காது. 2014 ஜனவரி 5-இல் வெற்றிகரமாகப் பறந்த ஜிஎஸ்எல்வி-டி5-க்கு இஸ்ரோ செய்த மாற்றங்களைப் பாருங்கள்: கிரையோஜெனிக் இன்ஜினைச் சுற்றிய கீழ் உறையையும், ஒயர்கள் செல்லும் தடத்தையும் புதிதாக வடிவமைத்தார்கள். பறக்கும்போது உறை அசைகிறதா என்று பார்க்க கேமராவும் பொருத்தினார்கள்.