சோம்பேறித்தனம் என்று நினைத்தேன்

பல்கலைக்கழகத்தின் இரண்டாம் ஆண்டில் ஒரு பாடத்தில் தோல்வியடைந்தேன். பாடம் புரியாமல் இல்லை. ஒப்படைப்பைக் கடைசித் தேதிக்குள் என்னால் முடிக்க முடியவில்லை. இரவெல்லாம் மடிக்கணினி முன்னால் உட்கார்ந்திருப்பேன். விடியும்போது ஒரு பத்திகூட இருக்காது.

“எல்லாம் சோம்பேறித்தனம்,” என்றார் அம்மா. நானும் அப்படித்தான் நம்பினேன்.

பல்கலைக்கழக ஆலோசகர்தான் மனநல மருத்துவரைப் பார்க்கச் சொன்னார். 21 வயதில் எனக்கு ஏடிஎச்டி எனப்படும் கவனக்குறைவுப் பிரச்சினை இருப்பது உறுதியானது.

“அது சின்னப் பிள்ளைகளுக்கு வருவதுதானே?” என்று கேட்டார் அப்பா. சிறுவயதில் தொடங்கினாலும், பலருக்கு அது வளர்ந்த பிறகும் நீடிக்கிறது. பள்ளியில் மணியடித்தது, ஆசிரியர் நினைவூட்டினார், துணைப்பாட வகுப்புக்கு அம்மா அனுப்பினார். பல்கலைக்கழகத்தில் எல்லாவற்றையும் நானே திட்டமிட வேண்டியிருந்தது. அங்கேதான் தடுமாறினேன்.

மருத்துவர் தந்த மருந்து உதவியது. அதோடு சில பழக்கங்களையும் மாற்றினேன்.

‘கட்டுரை எழுத வேண்டும்’ என்று குறித்து வைத்தால் தொடங்கவே மாட்டேன். ‘கோப்பைத் திற, தலைப்பைத் தட்டச்சு செய்’ என்று எழுதினால் கை தானாக நகரும்.

கைப்பேசி வேறு அறைக்குப் போனது. மேசைக்குச் சமையலறைக் கடிகாரம் வந்தது. 25 நிமிடம் படிப்பு, 5 நிமிடம் ஓய்வு. 1980களில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலிய மாணவர், தக்காளி வடிவக் கடிகாரத்தை வைத்து உருவாக்கிய முறை இது. எனக்கு 25 நிமிடம் அதிகமாக இருந்ததால் 10 நிமிடத்தில் தொடங்கினேன்.

சிறப்புத் தேவையுள்ள மாணவர்களுக்கான ஆதரவுப் பிரிவையும் நாடினேன். மருத்துவ அறிக்கையைக் கொடுத்ததும் தேர்வில் கூடுதல் நேரம் கிடைத்தது. தேர்வு நெருங்கும்வரை காத்திருக்காமல், பருவத் தொடக்கத்திலேயே விண்ணப்பிப்பது நல்லது.

எல்லாவற்றையும்விட எனக்குக் கைகொடுத்தது அம்மாதான். அருகில் ஒருவர் தம் வேலையைப் பார்த்துக்கொண்டு அமைதியாக இருந்தால், ஏடிஎச்டி உள்ள பலருக்கு வேலையைத் தொடங்குவது எளிதாகிறது என்று ஆலோசகர் சொல்லியிருந்தார். அதனால் சாப்பாட்டு மேசையில் அம்மா நெத்திலி ஆய்வார். எதிரே நான் படிப்பேன். என் மனம் எங்கோ போனால், “ம்...” என்பார். அவ்வளவுதான்.

தோல்வியடைந்த பாடத்தை மறுபடி எடுத்துத் தேறினேன்.

உங்கள் வீட்டிலும் ஒரு ‘சோம்பேறி’ இருந்தால், திட்டுவதற்குமுன் அரை மணி நேரம் அருகில் உட்கார்ந்து பாருங்கள். மருத்துவரைப் பார்க்க வேண்டியிருந்தால், துணைக்கு நீங்களும் போங்கள்.