அமீனா நீட்டும் கட்டு

மூணாறு எஸ்டேட் லயத்துக்கோ சித்தூர் தாலுகாவின் எல்லை ஊருக்கோ கடன் வழக்குச் சம்மன் வந்தால், வாங்க மறுப்பவர்கள் உண்டு. மறுத்தாலும் வழக்கு நிற்காது. கோர்ட் ஊழியரான அமீனா அதைக் கதவில் ஒட்டிவிட்டுப் போவார். முறைப்படி ஒட்டியதாகக் கோர்ட் ஏற்றுக்கொண்டால், சார்வு ஆகிவிட்டது. அதைவிடக் கட்டை வாங்கிக்கொண்டு, மேலேயே அன்றைய தேதியை எழுதிவைப்பது நல்லது.

முதலில் அனுப்பியது யார் என்று பாருங்கள். தாசில்தார், வில்லேஜ் ஆபீஸ் வழியாக வந்தால் அது 1968-ஆம் ஆண்டு கேரளச் சட்டப்படியான வருவாய் மீட்பு, கே.எஸ்.எஃப்.இ. சிட்டி (சீட்டு) பாக்கி அப்படி வரும். முன்சீப் கோர்ட் முத்திரையும் 'ஓ.எஸ்.' எண்ணும் இருந்தால் சிவில் வழக்கு.

சம்மனுக்கு அடியில்தான் சங்கதி இருக்கிறது. அங்கிருக்கும் பிராது மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ இருக்கும். மலையாளம் சரளமாகப் பேசியும் படிக்கத் தெரியாதவர்கள் இந்தப் பக்கம் ஏராளம். படிக்கத் தெரிந்தவரிடம் கொடுத்து, வழக்குமூலம் எப்போது எழுந்தது என்று சொல்லும் பத்தியை முதலில் வாசிக்கச் சொல்லுங்கள். கேட்டவுடன் தருவதாக 2022 ஜூனில் எழுதிய புரோநோட்டுக்கு, 2025 ஜூனுக்குள் வழக்குப் போட்டிருக்க வேண்டும். கெடு 3 ஆண்டுதான்.

ஆனால் நோட்டின் முதுகைப் பார்க்காமல் சந்தோஷப்பட வேண்டாம். 2024-இல் ஆயிரம் ரூபாய் கட்டி, அந்த வரவுக்குக் கீழே கையெழுத்துப் போட்டிருந்தால், 3 ஆண்டு அன்றிலிருந்து புதிதாக ஓடும். கையெழுத்து நம்முடையதுதானா, அசலில் கழித்தார்களா வட்டியில் கழித்தார்களா என்பதையும் நகலில் பாருங்கள். வக்கீல்கள் சண்டை போடுவது பெரும்பாலும் இந்த முதுகுப் பக்கத்துக்காகத்தான்.

பதில் மனுவுக்குச் சம்மன் கிடைத்ததிலிருந்து 30 நாள். கோர்ட் மனம் வைத்தால் 90 வரை நீளும். சம்மனில் 'ஆர்டர் 37' என்று கண்டால் ஆஜராகவே 10 நாள்தான். யாரும் போகாவிட்டால் எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு. அதை நீக்கக் கேட்கவும் 30 நாள் கெடு உண்டு, தகுந்த காரணமும் காட்ட வேண்டும்.

தீர்ப்பு எதிராகப் போனாலும் எல்லாவற்றையும் ஜப்தி செய்துவிட முடியாது. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு கூலித் தொழிலாளியின் கூலிக்கு விலக்குத் தருகிறது. பணத் தீர்ப்புக்காகப் பெண்களைச் சிறையில் வைக்க 56-ஆம் பிரிவு இடம் தராது. கொழுந்து பறிக்கும் பெண்ணை 'உள்ளே தள்ளிவிடுவோம்' என்று வட்டிக்காரர் மிரட்டுவது வெறும் வாய்ச்சவடால்.

வக்கீலுக்குப் பணமில்லையா? பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பே இல்லாமல் இலவச வக்கீல் உண்டு. தாலுகா சட்டப்பணிக் குழுவில் கேட்கலாம், 15100-க்குப் போன் செய்யலாம். போகும்போது தேதி எழுதிய அந்தக் கட்டை முழுசாக எடுத்துப் போங்கள். சம்மன் தாளை மட்டும் கொண்டுபோனால் திரும்பவும் ஒரு நாள் கூலியை விட்டு அலைய வேண்டியிருக்கும்.