காய்ச்சல் விட்ட பின்னும் விடாத களைப்பு

காய்ச்சல் இறங்கி மூன்றாம் நாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டால் நோய் முடிந்தது என்பது நம் வீடுகளின் கணக்கு. மறுநாள் முதல் அடுப்படியும் வயலும் பீடித் தட்டும் பழையபடி காத்திருக்கும். பெரும்பாலோர் ஓரிரு வாரங்களில் தேறியும் விடுகின்றனர். சிலருக்கோ வாரங்கள் மாதங்களாகின்றன. வெப்பமானி சரியான அளவையே காட்டுகிறது. இரத்தப் பரிசோதனையிலும் குறையில்லை. ஆயினும் இரண்டு குடம் தண்ணீர் சுமந்தால் இரண்டு நாள் படுக்கை. இவர்களுக்குச் "சோம்பேறி" என்ற பட்டத்தை அயலார் சூட்டுவதில்லை. பெரும்பாலும் வீட்டாரே சூட்டுகின்றனர். அப்பட்டம் தவறானது என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் வட்டாரத்திற்கு இது புதிய செய்தியன்று. ராயகிரியிலிருந்து வாசுதேவநல்லூர், புளியங்குடி வழியாகத் தெற்கே சென்றால் கடையநல்லூர். 2012 ஆம் ஆண்டு டெங்குக் காய்ச்சல் அவ்வூரை உலுக்கியதை யாரும் மறந்திருக்க இயலாது. அவ்வாண்டு தமிழகத்தில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் டெங்குவால் பாதிக்கப்பட்டனர். அதற்கு முன் 2006 இல் சிக்குன்குனியா. பின்னர் 2020 முதல் கொரோனா. இறந்தோரைக் கணக்கெடுத்தோம், பிழைத்தோரையும் கணக்கெடுத்தோம். பிழைத்தும் எழ முடியாதவர்களை மட்டும் எந்தப் பட்டியலிலும் சேர்க்கவில்லை.

மருத்துவ உலகம் இதை ஆராய்ந்திருக்கிறது. ஆஸ்திரேலியாவின் டப்போ என்னும் நாட்டுப்புற நகரைச் சுற்றி, தொற்று நோய் கண்ட 253 பேரை மருத்துவர்கள் தொடர்ந்து கவனித்து, 2006 இல் முடிவை வெளியிட்டனர். அவர்களுள் ஒரு சாராருக்கு வந்தது, சிக்குன்குனியாவுக்கு உறவான, கொசுவால் பரவும் ராஸ் ஆற்றுக் காய்ச்சல். ஆறு மாதங்கள் கழிந்த பின்னும் நூற்றுக்குப் பன்னிரண்டு பேர் வீதம் கடும் களைப்பில் கிடந்தனர். யாருக்குக் களைப்பு நீடித்தது? மனம் தளர்ந்தவர்களுக்கா? இல்லை. தொடக்கத்தில் காய்ச்சல் எவரை அதிகமாக வாட்டியதோ, அவர்களுக்கே நீடித்தது.

இருப்பினும் பழிச்சொல் எளிதில் நீங்கவில்லை. 1955 இல் லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் இனம் காண முடியாத ஒரு நோய் பரவி, ஊழியர்கள் 292 பேரைத் தாக்கியது. பலர் நெடுநாள் களைப்புற்றனர். பதினைந்து ஆண்டுகளுக்குப் பின்னர், 1970 இல், மனநல மருத்துவர் இருவர் பழைய குறிப்பேடுகளைப் படித்துவிட்டு அது கூட்டு மனப்பிரமை என்று எழுதினர். பாதிக்கப்பட்டோரில் பெண்களே மிகுதி என்பதும் அவர்கள் காட்டிய காரணங்களுள் ஒன்று! நம் ஊர்த் திண்ணையில் மட்டுமல்ல, லண்டனிலும் இப்படித்தான் போலும். இத்தகைய நெடுங்களைப்பு நோய் உடலைப் பற்றிய கடும் நோயே என்று அமெரிக்க மருத்துவக் கழகம் திட்டவட்டமாக அறிவித்தது 2015 இல்தான். கொரோனாவுக்குப் பின் நீடிக்கும் தொல்லைகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2021 இல் இலக்கணம் வகுத்தது.

இதனைச் சாதாரண அசதியிலிருந்து பிரித்தறிய ஓர் அடையாளம் உண்டு. சாதாரண அசதி உறங்கி எழுந்தால் தீரும்; இது தீராது. உழைத்த அன்று ஒன்றும் தெரியாது. மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ உடல் சாய்ந்துவிடும். நோயாளியை ஏமாற்றுவது "நல்ல நாள்" என்று ஒன்று. அன்று உற்சாகமாக இருக்கிறதே என்று சேர்ந்த துணி முழுவதையும் துவைத்து, வீட்டையும் மெழுகிவிட்டு, அடுத்த மூன்று நாட்கள் கிடையாய்க் கிடப்பவர்கள் பலர். ஆதலின் நல்ல நாளிலும் பாதி வேலையோடு நிறுத்த வேண்டும். களைக்கும் முன்பே ஓய்வெடுக்க வேண்டும். அடுப்படியில் ஒரு முக்காலி போட்டு அமர்ந்து காய் நறுக்குவதில் எந்த மாமிக்கும் கௌரவக் குறைவு வந்துவிடாது. "நடந்தால் சரியாகிவிடும்" என்று நாளுக்கு நாள் நடையைக் கூட்டச் சொல்லும் முறையை, இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டிக் குழுவே 2021 இல் இந்நோய்க்குக் கைவிட்டுவிட்டது.

அதற்காக எல்லாக் களைப்பையும் காய்ச்சலின் கணக்கில் எழுதிவிடலாகாது. இரத்தச் சோகை, தைராய்டு, சர்க்கரை ஆகியவற்றை முதலில் பார்த்துவிட வேண்டும். மாலைக் காய்ச்சல், எடை இழப்பு, இரண்டு வாரத்தைக் கடந்த இருமல் இருந்தால் காசநோய்ப் பரிசோதனை அவசியம். நெஞ்சு வலியும் மூச்சுத் திணறலும் கண்டால் அன்றே மருத்துவமனை. மருத்துவர் சொல்லாமல், "சத்து ஊசி" என்றும் குளுக்கோஸ் என்றும் ஏற்றிக்கொள்வது பணத்தைத்தான் கரைக்கும்.

வணக்கத்திலும் தம்மை வருத்திக்கொள்வோர் இருக்கின்றனர். நிற்க இயலாதவர் அமர்ந்தும், அதுவும் இயலாதவர் படுத்தும் தொழலாம் என்பது மதரஸாப் பிள்ளைகளுக்கும் தெரிந்த சட்டம். நோயாளி நோன்பைப் பின்னொரு நாளில் களாச் செய்யவும் அனுமதி உண்டு. மார்க்கம் தந்த சலுகையை மருமகளுக்குத் தர மறுக்கும் வீடுகளை என்னவென்பது?

பிள்ளைகளின் நிலை இன்னும் கடினம். அவர்களுக்குச் சொல்லத் தெரியாது. காய்ச்சலுக்கு முன் நாளொன்றுக்கு ஒரு பக்கம் மனனம் செய்த மாணவன், திரும்பி வந்ததும் ஐந்து வரியில் திணறுவதை நான் கண்டிருக்கிறேன். பாடம் ஏறாததும் களைப்பின் ஒரு கூறே. பிரம்புக்கு அங்கே வேலையில்லை. சில வாரங்களுக்கு அரை நாள் வகுப்பும், புதுப் பாடத்திற்குப் பதிலாகப் பழைய பாடமும் போதும். எத்தனை வாரம் என்பதை நாட்காட்டியைப் பார்த்து முடிவு செய்யாமல், பிள்ளையின் மறுநாள் காலை முகத்தைப் பார்த்து முடிவு செய்யலாம்.