பருவம் தரும் மலரே பரமனுக்கு

வைகறையில் எழுந்து நீராடி, மலர்ந்தும் மலராத பூக்களைக் கொய்து, மாலையாகத் தொடுத்து இறைவனுக்குச் சார்த்துவதையே வாழ்நாள் தொண்டாகக் கொண்டவர் திருப்புகலூர் முருக நாயனார். கோட்டுப்பூ, கொடிப்பூ, நிலப்பூ, நீர்ப்பூ என நால்வகை மலர்களையும் அவர் தனித்தனிக் கூடைகளில் சேகரித்ததைப் பெரியபுராணம் போற்றுகிறது. ஒரே வகைப் பூவை மட்டும் நம்பியிருந்தால் ஆண்டின் எல்லா நாளும் அவருடைய தொண்டு நடந்திருக்குமா? வீட்டில் பூச்செடி வளர்த்துப் பூஜை செய்யும் ஒவ்வொரு குடும்பத்தாரும் எண்ணிப் பார்க்க வேண்டிய கேள்வி இது.

போடிநாயக்கனூரையும், அம்பரப்பர் மலையடிவாரத்துப் பொட்டிபுரத்தையும் போன்ற ஊர்களில் இந்தக் கேள்விக்கு அழுத்தம் அதிகம். மேற்கே ஏலக்காய் மணக்கும் குளிர்ந்த மலை. கிழக்கே வெயில் காயும் சமவெளி. தென்மேற்குப் பருவக்காற்று மலைக்கு அப்பால் மழையைப் பொழிந்துவிட்டு, இப்பக்கம் வறண்ட பெருங்காற்றாக இறங்குகிறது. ஆனி, ஆடி மாதங்களில் அக்காற்று மொட்டுகளை உதிர்த்து, மண்ணின் ஈரத்தையும் உறிஞ்சிவிடும். செடிகள் தாகம் தீரக் குடிப்பது ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை வந்த பிறகுதான்.

இக்காற்றுக்கு எளிய தடுப்பு அரளி. தோட்டத்தின் மேற்கு ஓரத்தில் வரிசையாக நட்டால், மற்றச் செடிகளுக்கு வேலியாக நிற்கும். குறைந்த நீரிலும் ஆண்டு முழுவதும் பூக்கும். முருகனுக்கும் அம்பிகைக்கும் செவ்வரளி உகந்தது. ஆனால் அரளியின் இலை, பூ, வேர் அனைத்தும் நஞ்சு. குழந்தைகளும் ஆடு மாடுகளும் அதை வாயில் வைக்காதபடி காப்பது அவசியம்.

கொடிப்பூக்களில் அனைவரும் விரும்புவது மல்லிகை. பங்குனி முதல் ஆனி வரை அள்ளிக் கொடுக்கும் இச்செடி, பனிக்காலத்தில் கைவிரித்துவிடும். கார்த்திகை, மார்கழியில் நிலத்திலிருந்து ஏறத்தாழ ஒரு முழம் விட்டுச் செடியைக் கவாத்து செய்து, தொழு உரமிட்டால்தான் அடுத்த கோடையில் பூ செழிக்கும். பூஜை மிகுந்த மாதத்தில் செடியை வெட்டுவதா என்று மனம் தயங்கும். தயங்கி விட்டுவிட்டால், தழை மிகுந்து பூ குறைந்துவிடும். அதே நாட்களில்தான் சந்தையில் மல்லிகை கிலோ ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு ஏறுகிறது.

மல்லிகை ஓய்வெடுக்கும் அக்காலத்துக்கென்றே வேறு மலர்கள் இருக்கின்றன. செவ்வந்தி, இரவு நீண்டு பகல் குறுகும்போது மொட்டு விடும் இயல்புடையது. வைகாசி, ஆனியில் பக்கக் கன்றுகளை நட்டு, ஒரு மாதத்தில் நுனியைக் கிள்ளிவிட்டால் கிளைகள் பெருகும். செழிப்பாக வளர்ந்தும் பூக்கவில்லையே என்று வருந்துவோர், இரவில் செடியின் மீது தெருவிளக்கின் ஒளி விழுகிறதா என்று பார்க்க வேண்டும். இருளை இழந்த செவ்வந்தி மொட்டு விடத் தாமதிக்கும். செடியை இடம் மாற்றுவதே அதற்கு மருந்து. மழைக்குப் பின் வேலியோரம் தானே முளைக்கும் தும்பை, சிவபெருமானுக்கு உவந்த நிலப்பூ. அதைக் களையென்று பிடுங்கி எறியாமல் ஒரு மூலையில் விட்டுவைப்பதும் சிவத்தொண்டே.

கோட்டுப்பூவில் பவளமல்லி ஒன்று போதும். மழைக்காலத்தில் இரவில் மலர்ந்து விடியலில் உதிரும். மண்ணில் விழுந்த பூவைச் சார்த்துவதில்லை என்னும் மரபு, இப்பூவுக்கு மட்டும் விலக்கு அளித்திருக்கிறது. மரத்தடியில் தூய துணியை விரித்துவைத்தால் மண் படாமல் பூ கிடைக்கும். சித்திரையில் பொன்னாகச் சொரியும் சரக்கொன்றைக்குப் பெரிய இடம் வேண்டும். அது கோயில் வளாகத்துக்கு ஏற்றது. நீர்ப்பூவுக்குக் குளம் இல்லையே என்ற கவலையும் வேண்டாம். நன்றாக வெயில் படும் இடத்தில் ஒரு சிமென்ட் தொட்டியில் அல்லி வளரும். கொசுப்புழுவை உண்ண நான்கு சிறு மீன்களை விட்டால் போதும்.

பூச்சிகளின் தொல்லை எல்லாருக்கும் உண்டு. மல்லிகையில் மொட்டுப்புழு, கோடையில் செஞ்சிலந்தி, செம்பருத்தியில் மாவுப்பூச்சி என ஒவ்வொன்றும் பொறுமையைச் சோதிக்கும். இறைவன் திருமேனியில் சார்த்தி, பின் பிரசாதமாகக் குழந்தையின் தலையில் சூட்டும் பூவில் நஞ்சு தெளிப்பது தகுமா? துளைபட்ட மொட்டுகளைக் கிள்ளி அழிப்பதும், இலையின் அடிப்புறத்தில் நீரை வேகமாகப் பீய்ச்சுவதும் முதல் மருந்து. அதற்கும் அடங்காவிட்டால், 50 கிராம் வேப்பம்பருப்பை இடித்து, ஒரு லிட்டர் நீரில் இரவு முழுவதும் ஊறவைத்து வடிகட்டி, சிறிது காதி சோப்பு கரைத்துத் தெளிக்கலாம். தேனீக்கள் கூடு திரும்பிய மாலை வேளையே அதற்கு ஏற்றது. மலைமேல் ஏலப்பூ காயாக வேண்டுமானால் தேனீ வந்து தீண்ட வேண்டும். போடியின் வாழ்வாதாரமான ஏலக்காயே அந்தச் சிற்றுயிரின் கொடைதான்.

இவ்வளவு செடிகளுக்கும் ஒரு வீட்டு முற்றத்தில் இடம் இராது, நீரும் போதாது. ஆனால் ஒரு தெருவுக்கு முடியும். ஒரு வீட்டில் மல்லிகை, அடுத்த வீட்டில் பவளமல்லி, எதிர்வீட்டில் செவ்வந்தி, முனைவீட்டில் அரளி, நந்தியாவட்டை என்று பகிர்ந்து வளர்த்தால், அத்தெருவே ஒரு நந்தவனமாகிவிடும். மல்லிகையில் பதியன், அரளியில் குச்சி, செவ்வந்தியில் கன்று எனக் கொடுப்பதற்கு ஒவ்வொருவரிடமும் ஒன்று இருக்கும். சித்திரையில் கொடுத்த கை, மார்கழியில் பெற்றுக்கொள்ளும். தெருமுனைப் பிள்ளையாருக்கும் ஊர் மாரியம்மனுக்கும் ஒருநாளும் மாலை குறையாது.

போடியிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, போடிமெட்டைக் கடந்து மூணாறு மலைகளை அடைந்தால், 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை மலரும் நீலக்குறிஞ்சியின் நிலம். 2006-இலும் 2018-இலும் அங்கே மலைச்சரிவுகள் நீலம் போர்த்தன. அடுத்து 2030-இல் எதிர்பார்க்கப்படுகிறது. குறிஞ்சி நிலக் கடவுளான முருகன், கொடைக்கானலில் 1936-இல் எழுந்த கோயிலில் குறிஞ்சி ஆண்டவராகவே அருள்பாலிக்கிறான். ஆயினும் அவன் தன் மலைப்பூவை ஆண்டுதோறும் கேட்பதில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருக்கிறான். மல்லிகைக்காக நான்கு மாதம் காத்திருப்பது நமக்குப் பெரிதன்று. அதுவரை, இன்று நம் முற்றத்தில் மலர்ந்திருப்பது ஒரு தும்பையே ஆனாலும், அதை அன்போடு அவன் திருவடியில் சேர்ப்போம்.